அத்தான் வைத்த வடக்குநோக்கி

தளவாய் அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மனுஷன் போய் இத்தனை வருஷமாகிறது, இன்னும் அது ஆறவில்லை. அழுகை அதற்குப் பிறகுதான் வரும்.

அவர் என் அக்கா முத்தாரம்மாளின் கணவர். அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் என்னுடைய எலெக்ட்ரிகல் கடையின் பின்னறையில் ரிப்பேர் வேலை பார்த்தார். பலகையில் இருந்தது என் பெயர். படியேறி வருகிறவர்கள் கேட்டது அவரை. மிக்ஸியோ டேபிள் ஃபேனோ, கையில் வாங்கினால் சரியாக்காமல் திருப்பித் தரமாட்டார். சரியாக்கினதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. அது ஏன் கெட்டது, இனிமேல் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பிரசங்கமும் சேர்த்துக் கொடுப்பார். வாங்க வந்தவர்கள் வாசலில் காத்து நிற்க, எனக்கு உள்ளே எரியும்.

படகு வேலை அவரிடம் வந்தது தற்செயலாக. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் தெற்கே பூவார், பொழியூர் கடற்கரைக்காரர்கள் சின்ன ஃபைபர் படகுகளில்கூட மெஷின் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். கடலுக்கடியில் எவ்வளவு ஆழம், பாறை எங்கே என்று திரையில் காட்டும் எக்கோ சவுண்டர். மீன் கிடைத்த இடத்தைக் குறித்து வைத்து, மறுபடி அங்கே போகவும் கரைக்குத் திரும்பவும் வழி காட்டும் ஜி.பி.எஸ். இவற்றோடு ஒரு பேட்டரி, ஒரு விளக்கு. பெரிய படகென்றால் கம்பெனி ஆள் வந்து மாட்டிக்கொடுப்பான். இரண்டு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் படகுக்கு எவன் வருவான்? அவர்களாகவே பிளாஸ்டிக் பையில் சுற்றி, கயிற்றால் கட்டிக்கொண்டு போனார்கள். உப்புத்தண்ணீர் கொஞ்ச நாளில் வயரைத் தின்றுவிடும். அப்படித் தின்னப்பட்ட ஒரு வயரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ததேயூஸ் எங்கள் கடைக்கு வந்தான். பொழியூர்க்காரன். தம்பி சுஜினைக் கூட்டிக்கொண்டு தூண்டில் போட்டுக் கணவாய் பிடிக்கிறவன்.

அத்தான் அந்த வயரை மோந்து பார்த்தார். பச்சை பூத்திருந்த நுனியை நகத்தால் சுரண்டினார். படகைப் பார்க்க வேண்டும் என்று அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு அவனோடு பஸ் ஏறிப் போய்விட்டார். கல்லாவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து அந்தப் படகு அவருக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எக்கோ சவுண்டரின் அடிப்பகுதி தண்ணீருக்குள் இருந்தால்தான் ஆழம் காட்டும். ஆனால் பொழியூரில் படகை மணலில் இழுத்துத்தான் ஏற்றி இறக்குவார்கள். அடியில் எதை மாட்டினாலும் முதல் நாளே பெயர்ந்துவிடும். அத்தான் அதை ஒரு பி.வி.சி. பைப்பின் நுனியில் பொருத்தி, அலையைத் தாண்டிய பிறகு பக்கவாட்டில் இறக்கிக் கொள்ளும்படி செய்தார். பேட்டரிக்கும் மற்ற சாமானுக்கும் பிளைவுட்டில் ஒரு பெட்டி, அதற்குமேல் ஃபைபர் பூச்சு, மூடியில் கண்ணாடி, மூடி உட்காரும் இடத்தில் சைக்கிள் ட்யூப். வயர் நுழையும் துளையெல்லாம் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும், மேலே விழும் தண்ணீர் உள்ளே போகாது. பெட்டிக்குள் பழைய பேப்பரைப் போட்டு மூடி, வீட்டில் அக்காவின் பித்தளை அண்டாவில் முக்கி, மேலே அம்மிக்குழவியை வைத்துவிடுவார். விடிந்ததும் பேப்பர் நனையாமல் இருந்தால் பெட்டி பாஸ். ஆற்றுகால் அம்மன் பொங்காலைக்கு வைத்திருக்கிற அண்டா என்று அக்கா கத்துவாள். அவருக்கு எங்கே காது கேட்டது!

பெட்டிக்குள் அவர் கடைசியாக வைத்தது காம்பஸ். கடற்கரையில் அதை வடக்குநோக்கி என்பார்கள். ஜி.பி.எஸ். இருக்கும்போது அது எதற்கு என்று ததேயூஸ் சிரித்தானாம். கரண்டு இல்லாமல் ஓடுவது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கைவிட்டால் உன்னை வீட்டுக்குக் கூட்டி வரப்போவது அது என்று அத்தான் சொன்னார். காம்பஸ் இருக்கிறதால் பெட்டியில் ஒரு இரும்பு ஆணி கிடையாது. சாலைக் கடைத்தெருவில் அலைந்து பித்தளை ஸ்க்ரூவாக வாங்கி வந்து முடுக்கினார். பெட்டிக்குப் பக்கத்தில் கத்தி, நங்கூரம், ரேடியோ எதுவும் வைக்கக் கூடாது, முள்ளை இழுத்துவிடும் என்று அண்ணனையும் தம்பியையும் எதிரே உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

நாங்கள் சைவக்காரர்கள். அத்தான் பொழியூர் போய் வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுவாள் அக்கா. அவர் அங்கே கட்டன் சாயாவும் ஏத்தன்பழமும் தவிர எதையும் தொடமாட்டார். ஆனாலும் வாரம் ஒருமுறை போகாமல் இருக்க முடியவில்லை. ததேயூஸின் மனைவி தாசம்மாள், அவர் வருகிறார் என்று தெரிந்தால் மீன்சட்டியையெல்லாம் பின்னால் கொண்டு வைத்து, தரையை இரண்டு தரம் கழுவி விடுவாளாம். பிள்ளையில்லாத எங்கள் வீட்டில் அவருக்கு மகள் மாதிரி இப்படிச் செய்ய யாரும் இல்லை. என் அக்காவுக்கும் அது தெரியும். அதனால்தான் வாயால் வைதாளே தவிர, தடுக்கவில்லை.

பெட்டி நன்றாக ஓடிற்று. ததேயூஸைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் அந்தக் கடற்கரையில் எத்தனையோ படகுகளில் எங்கள் கடைப் பெட்டி. அதுவரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் தூண்டில் போட்டவர்கள், தைரியமாக வெளியே போகத் தொடங்கினார்கள்.

இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்டில், மழைக்காலம் முடியாத ஒரு நாள், ததேயூஸும் சுஜினும் போனவர்கள் திரும்பவில்லை.

முதல் நாள் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் படகுகள் தேடிப் போயின. மழை விடவில்லை. அத்தான் பொழியூர் கரையிலேயே கிடந்தார். நான் போய்க் கூப்பிட்டபோது, பெட்டி இருக்கிறது மாப்ள, வந்துவிடுவார்கள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கன்னியாகுமரியையும் தாண்டிக் கிழக்கே, நடுக்கடலில், தமிழ்நாட்டு விசைப்படகுக்காரர்கள் அந்தப் படகைக் கண்டுபிடித்துக் கரை சேர்த்தார்கள். அதில் சுஜின் மட்டும்தான் இருந்தான்.

நடந்ததை அவன் சொல்லித்தான் தெரிந்தது. தூண்டிலை இழுக்கும்போது, இடத்தைக் குறிக்கப் பெட்டியிலிருந்து எடுத்த ஜி.பி.எஸ். ததேயூஸின் கைதவறிக் கடலுக்குள் போய்விட்டது. பயப்படவில்லை. பெட்டியைப் பார்த்து, வடகிழக்காகப் பிடித்தால் கரை வந்துவிடும் என்று திரும்பினார்கள். வானம் மூடிக் கிடந்தது, சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அலை பின்னாலிருந்து வர வேண்டும், பக்கத்திலிருந்து வருகிறதே என்று சுஜின் சொல்லியிருக்கிறான். கடல் இன்றைக்குக் கிறுக்குப் பிடித்துக் கிடக்கிறது, தளவாய் அண்ணன் வைத்தது தப்பாது என்று ததேயூஸ் அதட்டிவிட்டான். கரை வரவேயில்லை. எண்ணெய் தீரும்வரை கரைக்கு இணையாகத் தென்கிழக்கே ஓடியிருக்கிறார்கள்; அப்புறம் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இருந்த குடிதண்ணீரைத் தம்பிக்குத்தான் அதிகம் கொடுத்தானாம். ஒரு கப்பல் தூரத்தில் போவதைப் பார்த்து முனையில் ஏறி நின்று சட்டையை வீசியிருக்கிறான். படகு ஆடிற்று, விழுந்தான். நீந்துகிற தெம்பு உடம்பில் இல்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன், தம்பி நீட்டிய துடுப்பைப் பிடிக்கக்கூட முடியாமல் போய்விட்டான். உடலும் கிடைக்கவில்லை.

பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார் அத்தான். போகாதீர்கள், அடித்துப் போட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னேன். கேட்கிற ஆளா? கூடவே போனேன்.

ததேயூஸின் வீட்டு முற்றம் நிறைய ஆட்கள். எங்களைக் கண்டதும் விலகி நின்றார்கள். சுஜின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் தோலுரிந்து. அத்தானைக் கைகாட்டிச் சொன்னான்:

“இவருக்க வடக்குநோக்கியாக்கும் எனக்க அண்ணன கொன்னது.”

அத்தான் நேரே உள்ளே போனார், நானும் பின்னால் போனேன்; மற்றவர்கள் முற்றத்திலேயே நின்றார்கள். பெட்டி உள்ளறையில் இருந்தது. தரையில் உட்கார்ந்து அதைத் திறந்தார். பேட்டரியைத் தூக்கினார். காம்பஸுக்குப் பின்னால், பேட்டரி மறைக்கிற சுவரில், விரல் உயரத்துக்கு ஒரு மாதா நின்றாள். நீல அங்கி போட்ட பிளாஸ்டிக் சிலை. கார்களில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைப்பார்களே, அது. சிலையின் அடியில் வட்டமாக ஒரு காந்தம்; அது பிடித்துக்கொள்ளப் பசை தடவிய ஒரு இரும்புத் தகடு.

அத்தான் சிலையைப் பிடுங்கித் தள்ளி வைத்தார். தகட்டையும் பெயர்த்து எடுத்தார். காம்பஸின் முள் கால் வட்டம் சுற்றிப் போய் நின்றது. நானும் என் கண்ணால் பார்த்தேன்.

படகில் புதிதாக எது ஏறினாலும் வீட்டுப் பெண் கையால் ஒரு புண்ணியப் பொருள் கூட ஏற வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். வலை என்றால் அதில் ஒரு ஜெபமாலையைக் கட்டிவிடுவாள். பெண்கள் படகில் கால் வைக்கிறதில்லை. ஆனால் பெட்டி, பேட்டரி சார்ஜ் போடுவதற்காக ஒவ்வொரு முறையும் வீட்டுக்குத்தானே வரும். அது எங்களுக்குத் தோன்றவேயில்லை.

தாசம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். சிலையைக் கண்டதும் ஓடி வந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நான்தான் வச்சேன் அண்ணே. கடைசியா கடலுக்குப் போனாவல்லா, அதுக்கு மொத நாளு. ஆரிட்டயும் சொல்லேல. இரும்பு ஆவாதுண்ணு நீங்க சொன்னதா அவிய சொல்லுவாவ, அதான் இத்தன நாளும் ஒண்ணும் வைக்காம இருந்து, இப்பம் பிளாஸ்டிக்கா பாத்து வாங்கினேன். அந்தத் தூரத்துக்குப் போறாவளே, கூட மாதா இருக்கட்டுமேண்ணு…” மூச்சு வாங்கினாள். “ரெண்டு பேரும் போயிருக்க வேண்டியது. தம்பியையாவது அவ கொண்டு தந்தாளே.”

அந்தச் சிலைதான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படி ஒரு பிடியை நான் அவரிடம் கண்டதில்லை.

சுஜின் எழுந்து வந்து, என்ன கோளாறு என்று கேட்டான். முற்றத்தில் நின்றவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். அத்தான் நிமிர்ந்து எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

“கோளாறு என் கையிலதான். பித்தளைன்னு நெனச்சு இரும்பு ஸ்க்ரூவ முடுக்கிட்டேன். அது முள்ள இழுத்துட்டு.”

சுஜின் அவரை அடித்தான். அடி வாங்கிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் சுஜினைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் இன்னும் வாங்கியிருப்பார். அதுவரை அண்ணே அண்ணே என்று சுற்றி வந்த தாசம்மாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் ஸ்டாப்பில் நான் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். செய்யாத கொலையை எதற்கு ஏற்றுக்கொண்டீர், ஊருக்குப் பெரிய மகான் ஆகப் பார்க்கிறீரா, என் கடை என்ன ஆவது, என் அக்கா முகத்தில் எப்படி விழிப்பீர் என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உதட்டில் ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

“செத்தவனுக்கு இனிமே யார் கொன்னா என்ன மாப்ள? இருக்கவ இருக்கணும்லா. தன் கையாலதான் புருஷன் போனான்னு தெரிஞ்சா அவ ஒரு நாள் உயிரோட இருப்பாளா?” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். “ஆம்பளைங்க ரெண்டு பேர உக்கார வச்சுப் பாடம் எடுத்தேன். பெட்டி கெடக்கது அவ வீட்டுல. அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னனா?”

என் அக்கா தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளிடம்கூடச் சொல்லக் கூடாது என்றார். முத்தாரம்மாளுக்கு வாய் நிற்காது, என்னைக் காப்பாற்றுகிறேன் என்று பொழியூருக்கே போய்ச் சொல்லிவிடுவாள் என்றார். அது உண்மைதான். இப்போது தாசம்மாளும் இல்லை, என் அக்காவும் இல்லை. சுஜின் மஸ்கட்டில் இருக்கிறான். படித்ததெல்லாம் மலையாளம், தமிழ் எழுத்து தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. சிலர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், சிலர் வீசினார்கள். ஒருவர் படியில் துப்பினார். அத்தான் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பின்னறையில் வைத்துத் திறந்து பார்ப்பார். எல்லாவற்றிலும் பித்தளை ஸ்க்ரூ. எல்லாவற்றிலும் முள் வடக்கைத்தான் காட்டிற்று. பார்த்துவிட்டு மூடுவார். அதற்கப்புறம் அவர் படகு வேலையைத் தொடவில்லை. மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் திரும்பினார். பிரசங்கம் நின்றுபோயிற்று. ரிப்பேர் ஆன சாமானை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தப் பிரசங்கத்தைக் கேட்க மாட்டோமா என்று நான் ஏங்கின நாளெல்லாம் உண்டு.

அக்கா முதலில் நம்பவில்லை. நீங்களா இரும்பு ஸ்க்ரூ போட்டீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டாள். ஆமாம், ஞாபகப் பிசகு என்று அவர் சாதித்துவிட்டார். பிறகு நம்பினாள். நம்பின பிறகு அவளுக்கு அவரைப் பார்க்கவே பயமாகிவிட்டது. ஒரு குடும்பத்தின் பாவம் நம் தலையில் விழுந்துவிட்டது என்று ஸ்ரீவராகம் கோயிலில் விடியற்காலையில் ஈரப்புடவையோடு சுற்றத் தொடங்கினாள். ஒரு நாள் சோறு போடும்போது, ஒரு உயிரைக் கொன்ற கையால் எப்படிச் சாப்பிட முடிகிறது என்று கேட்டேவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு நான் சத்தியத்தை மீறியிருக்க வேண்டும். மீறவில்லை. அதற்காக அவரைத்தான் திட்டுகிறேன், என்னைத் திட்டிக்கொள்ளத் தைரியம் இல்லை.

இரண்டு வருஷத்தில் உடம்பு விழுந்துவிட்டது. குடலில் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் பெரிய வார்டில் ஜன்னலோரக் கட்டில். கடைசி நாட்கள் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு சாயங்காலம், பார்க்கிறவர்களை உள்ளே விடும் நேரத்தில், தாசம்மாள் வந்து கட்டிலருகே நின்றாள். வெள்ளைச் சேலை. பாதி முடி நரைத்துப் போயிருந்தது. யார் சொல்லி வந்தாளோ தெரியாது. என் அக்கா அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. நான்தான் யாரென்று சொன்னேன். அக்கா எழுந்து நின்றாள்.

தாசம்மாள் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு குழியாவது இருந்தா போயி மெழுகுதிரி கொளுத்துவேன். அதுக்கும் வழியில்லாம ஆக்கினேரேண்ணு உங்க மேல பகையா இருந்தேன். ராவும் பகலும் சபிச்சேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வேணும்ணு செய்யலண்ணு எனக்குத் தெரியும் அண்ணே. நான் உங்கள மன்னிச்சாச்சு. இனி அத மனசுல வச்சிட்டுக் கெடக்காண்டாம்.”

அத்தான் மெல்ல இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அவர் கண் அவள்மேல் இல்லை, என்மேல் இருந்தது. சாகக் கிடக்கிற மனுஷனுக்குச் சாவைப் பற்றிப் பயம் இல்லை. நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்றுதான் பயம்.

நான் திறக்கவில்லை. அக்கா தடாலென்று தாசம்மாளின் காலில் விழுந்தாள். தாயி, எங்களைப் பிழைக்க வைத்துவிட்டாயே என்று அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தாசம்மாள் குனிந்து அவளைத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் தோளில் தலையை வைத்துக்கொண்டு அழுதார்கள்.

அத்தான் அந்த வாரமே போய்விட்டார். சாவதற்கு முன்னால் என் புருஷனுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று என் அக்கா, தான் கண்மூடுகிறவரை, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவாள். ஆமாம் அக்கா, கிடைத்துவிட்டது என்பேன்.